மை ஊறாத தாள்: கடுக்காயிலிருந்து கரும்புச் சக்கை வரை

இந்த எபிசோடில் நாம பேசப்போறது கேட்கச் சின்ன விஷயம். மை பேனாவில் எழுத ஒரு நல்ல ரைட்டிங் பேட் வேணும். மை ஊறக் கூடாது. கோடு இருக்கணும், ஆனா எழுத்தை விழுங்காத அளவுக்கு மங்கலா இருக்கணும். விலையும் கையைக் கடிக்கக் கூடாது. இந்த மூணையும் சேர்த்துக் கேட்டா ஸ்டேஷனரி கடைக்காரர் நம்மள ஒரு மாதிரியாப் பார்ப்பார். "மை பேனாவா? இப்ப யாரு சார் அதெல்லாம் கேக்குறாங்க?"

மை பேனா திரும்ப வந்திருக்கு. கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், டைரி எழுதுறவங்கன்னு ஒரு கூட்டமே இருக்கு. பேனா நூறு ரூபாய்க்குக்கூட கிடைச்சிடுது. தாளில்தான் சிக்கல். தேடிப் பார்த்தா ஜப்பான் தாள், பிரான்ஸ் தாள்னு வருது. அந்த ஒரு பேடு விலையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வருஷம் முழுக்க நோட்டு வாங்கிடலாம்.

இதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரம் இருக்கு. நல்ல எழுதுதாள் எப்போதும் பணக்காரச் சரக்காக இருந்ததில்லை. எந்தக் கருவியால் எழுதுகிறோமோ அதற்கு ஏற்ற தாளைத்தான் ஒவ்வொரு காலமும் செய்துகொண்டது. கருவி மாறியதும் தாளும் மாறியது. அந்த மாற்றம் நம்ம ஊரில் எப்படி நடந்ததுன்னு பார்க்கலாம். தொடங்கும் இடம், திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலை.

மலையில் இருந்த மை

திருப்பத்தூரில் இருந்து மலையேறினால் புதூர்நாடு. பக்கத்திலேயே நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்கள். சாமை விளையும். புளி, தேன், கடுக்காய் எல்லாம் காட்டில் இருந்து வரும். மலைக்குக் கீழே வாணியம்பாடி, ஆம்பூர். தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். குரோமியம் உப்பு வந்து சேர்வதற்கு முன்னால் நம்ம ஊரில் தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். இரண்டிலும் இருக்கும் துவர்ப்புச் சத்துக்குப் பெயர் டானின்.

அந்த டானினுக்கு இன்னொரு குணம் இருக்கு. இரும்பு உப்போடு சேர்ந்தால் கரியாய்க் கறுத்துவிடும். கடுக்காய் ஊறிய தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு வைங்க, கொஞ்ச நேரத்தில் கறுப்பு மை தயார். ஐரோப்பாவில் ஓக் மரத்தில் வரும் காய் போன்ற முடிச்சுகளை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். அந்த மையில்தான் பல நூற்றாண்டுகளாக அங்கே பத்திரங்களும் சர்ச்சுப் பதிவேடுகளும் எழுதப்பட்டன. எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டதும் கறுக்கும். தண்ணீர் பட்டாலும் எளிதில் அழியாது.

கலம்காரித் துணியில் நடப்பதும் இதே ரசாயனம்தான். துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைப்பாங்க. வெல்லமும் இரும்புத் துண்டும் சேர்த்துப் பல நாள் புளிக்க வைத்த தண்ணீரால் அதன் மேல் கோடு வரைவாங்க. கோடு பட்ட இடம் கறுக்கும். இதில் நமக்கு முக்கியமான ஒரு நுட்பம் இருக்கு. கடுக்காய்ச் சாற்றோடு எருமைப்பாலையும் சேர்ப்பாங்க. ஏன்? பாலில் உள்ள கொழுப்பு நூலில் படிந்துவிட்டால், வரையும் மை பக்கவாட்டில் பரவாது. கோடு கோடாகவே நிற்கும்.

இந்தப் பாலை நினைவில் வச்சுக்கோங்க. இந்த எபிசோடின் மையமே அதுதான்.

தாளுக்குக் கஞ்சி

தாள் என்பது செடியின் நார். பருத்தித் துணி எப்படித் தண்ணீரை உறிஞ்சுமோ அதே மாதிரி தாளும் உறிஞ்சும். ஒன்றும் சேர்க்காத சுத்தமான தாளில் மை வைத்தால் என்ன ஆகும்னு பார்க்கணும்னா ஒற்றுத்தாளில், அதான் பிளாட்டிங் பேப்பரில், எழுதிப் பாருங்க. எழுத்துக்குச் சிலந்திக்கால் முளைக்கும்.

மை பேனாக்காரர்கள் தாளில் மூணு குறை சொல்வாங்க. ஒன்று, எழுத்தின் ஓரம் பிசிறி மை பரவுவது. இரண்டு, மை மறுபக்கம் இறங்கிப் புள்ளி வைப்பது. மூன்று, மை இறங்காவிட்டாலும் எழுத்தின் நிழல் பின்பக்கம் தெரிவது. முதல் இரண்டும் உறிஞ்சும் குணத்தால் வருவது. மூன்றாவது, தாள் எவ்வளவு ஒளியை ஊடுருவ விடுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த வித்தியாசம் புரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

உறிஞ்சுவதைத் தடுக்கச் செய்யும் வேலைக்குத் தாள் ஆலையில் சைஸிங் என்று பேர். நெசவாளர் வீட்டில் கேட்டால் பாவுக்குக் கஞ்சி போடுறதுன்னு சொல்வாங்க. இரண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான். இந்தியாவில் கையால் தாள் செய்தவர்கள் உண்மையிலேயே கஞ்சிதான் போட்டார்கள். அரிசி அல்லது கோதுமை மாவுப் பசையைத் தாளில் தடவிக் காயவைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நாணல் பேனாவுக்கும் விளக்குக் கரி மைக்கும் அது போதும். ஐரோப்பியர்கள் கூர்மையான இறகுப் பேனாவில் எழுதினார்கள். மாவுப் பூச்சை அந்த முனை கீறிவிடும். அதனால் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம் போன்ற பசையில் தாளை முக்கி எடுத்தார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோ ஊர் 13ஆம் நூற்றாண்டிலேயே இதற்குப் பேர் வாங்கியது.

பேனாவின் முனைதான் தாளின் பூச்சை முடிவு செய்தது.

தரங்கம்பாடியில் தாள் பஞ்சம்

தமிழ்நாட்டில் தாளின் விலை எழுத்தின் அளவையே மாற்றிய ஒரு சம்பவம் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழில் அச்சடிக்க விரும்பினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் அளவில் பெரியவை. ஒரு பக்கத்தில் கொஞ்சம் சொற்கள்தான் அடங்கும். தாளோ கப்பலில் வரவேண்டும். அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அச்சடித்தால் தாள் கட்டுப்படியாகாது. அதனால் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முடிந்தது. அதே காலத்தில் பக்கத்துப் பொறையாறில் ஒரு தாள் ஆலையும் அமைத்தார்கள்.

யோசிச்சுப் பாருங்க. தாள் போதாமல் தமிழ் எழுத்தே சுருங்கியிருக்கு. பனை ஓலை இலவசமாகக் கிடைத்த ஊரில் தாள் ஓர் இறக்குமதிச் சரக்கு. இன்னிக்கு நாம ஜப்பான் பேடு விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுறோமே, அதுக்கு 300 வருஷப் பாரம்பரியம் இருக்கு.

மலிவின் விலை

அடுத்த நூறு ஆண்டில் தாள் மலிந்தது. 1799இல் பிரான்ஸில் நிக்கோலா லூயி ராபேர், நீளமான சுருளாகத் தாள் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரம் ஓடும் வேகத்தில் ஒவ்வொரு தாளையும் பசையில் முக்கி எடுக்க முடியாது. 1807இல் மோரிட்ஸ் இல்லிக் என்ற ஜெர்மானியர் வழி சொன்னார். மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடலாம். தாள் உருவாகும்போதே மை ஊறாத குணம் அதற்குள் வந்துவிடும்.

மலிவு, வேகம் இரண்டும் கிடைத்தன. அதற்கு ஒரு விலையும் இருந்தது. படிகாரம் தாளை அமிலமாக்கியது. பிற்பாடு துணிக்கந்தலுக்குப் பதிலாக மட்டமான மரக்கூழும் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இருந்து வந்த தாள்கள் பழுத்து, மடித்தால் ஒடியும் நிலைக்கு வந்தன. உங்க வீட்டுப் பரணில் தாத்தாவோட பழைய தொடர்கதைத் தொகுப்பு இருந்தா தொட்டுப் பாருங்க, அப்பளம் மாதிரி நொறுங்கும். சென்னையில் 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களையும் இதழ்களையும் மைக்ரோஃபிலிம் எடுக்க வேண்டி வந்ததற்கு இந்த அமிலத் தாளும் ஒரு காரணம். தமிழின் பழைய அச்சுப் பண்பாட்டில் ஒரு பெரும்பகுதி நொறுங்கும் தாளில் இருக்கு.

ஆனால் அந்தத் தாள் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தது. அதில் மை பேனாவால் எழுத முடிந்தது. எழுத முடியாவிட்டால் வாங்குவதற்கு ஆளே இல்லையே! பள்ளிக்கூடம், தாலுகா ஆபீஸ், மளிகைக் கடைக் கணக்கு எல்லாம் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவிலும், பிறகு ஊற்றுப் பேனாவிலும்தான் ஓடின. தாள் ஊறினால் மறுநாளே கடைக்குத் திரும்பி வந்துவிடும்.

சுதேசிப் பேனா, சுதேசித் தாள்

1930களில் இது அரசியலாகவும் மாறியது. ராஜமுந்திரியில் ரத்னம் பேனா செய்தார். அவர் செய்த பேனா காந்திக்குப் போய்ச் சேர்ந்து, 1935இல் காந்தி பாராட்டிக் கடிதம் எழுதினார். வங்காளத்தில் 1934இல் சுலேகா மை வந்தது. பேனாவும் மையும் ஆச்சு, தாள்?

அந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர் தஞ்சாவூர்க்காரர். 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934இன் கடைசியில் அமைந்த அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். எண்ணெய் ஆட்டுவது, வெல்லம் காய்ச்சுவது, தேனீ வளர்ப்பது ஆகியவற்றோடு கையால் தாள் செய்வதையும் சங்கம் பரப்பியது. ஊரில் வீணாகும் நாரில் இருந்து ஊருக்குத் தேவையான தாள். 1940இல் புனேவில் கைத்தாளுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது.

கைத்தாள் பள்ளி நோட்டுகளின் சந்தையைப் பிடிக்கவில்லை. ஆலைத் தாளோடு விலையில் போட்டி போட அதனால் முடியவில்லை. இன்னிக்குக் கைத்தாள்னாலே பூ இதழ் ஒட்டின வாழ்த்து அட்டைன்னு ஆகிப்போச்சு. ஆனால் குமரப்பா கேட்ட கேள்வி அப்படியே நின்றது. காட்டை வெட்டாமல், விவசாயத்தில் மிஞ்சும் கழிவில் இருந்து எல்லோருக்கும் போதுமான தாள் செய்ய முடியுமா? அதுக்கான ஒரு பதில் கரூரில் வந்தது. அதற்கு முன்னால் ஒரு திருப்பம்.

பால்பாயிண்ட் செய்த வேலை

ஹங்கேரியைச் சேர்ந்த லாஸ்லோ பீரோ 1938இல் பால்பாயிண்ட் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் மை எண்ணெய்ப் பசை போலக் கெட்டியானது. அது தாளில் ஓடாது, ஊறாது, கிட்டத்தட்ட எந்தத் தாளிலும் எழுதும். பேப்பர் கடைப் பொட்டலத்தில் எழுதினாலும் எழுத்து நிற்கும்.

தொடக்கத்தில் பள்ளிகள் எதிர்த்தன. "பால் பேனா கையெழுத்தைக் கெடுத்துடும்"னு வாத்தியார் பிரம்பை எடுத்த கதையை உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டா சொல்வாங்க. எதிர்ப்பு நிற்கவில்லை. 1980களில் சென்னையிலேயே ரெனால்ட்ஸ் பேனா தயாராகத் தொடங்கியது. வெள்ளை உடம்பு, நீல மூடி. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் படித்த யாருக்கும் அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கசியாது, சட்டைப்பை நனையாது, மைக்கூடு வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது பெரிய வரப்பிரசாதம். அதை மறுக்கக் கூடாது.

ஆனால் தாள் விஷயத்தில் ஒரு காவலாளி வேலையை விட்டுப் போனார். அதுவரை ஒவ்வொரு மாணவனின் பேனாவும் தாளைத் தினமும் சோதித்துக்கொண்டிருந்தது. பால்பாயிண்ட் வந்ததும் அந்தச் சோதனை நின்றது. நோட்டுக்குக் கஞ்சி குறைந்தாலும் யாரும் புகார் சொல்லப் போவதில்லை. நோட்டு செய்பவருக்கு மிச்சம் பிடிக்க ஒரு வழி கிடைத்தது. மலிவு நோட்டு மையை உறிஞ்சும் நோட்டாக ஆனது இப்படித்தான். இதில் யாருடைய சதியும் கிடையாது. கேட்க ஆள் இல்லாத தரம் தானாகவே குறையும்.

கரும்புச் சக்கை

இப்ப கரூருக்கு வருவோம். 1979இல் தமிழ்நாடு அரசு ஒரு தாள் நிறுவனத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சுருக்கமாக டி.என்.பி.எல். புகளூர் பக்கத்தில் ஆலை அமைந்த இடத்துக்கே காகிதபுரம்னு பேர். 1984இல் உற்பத்தி தொடங்கியது. மூலப்பொருள், கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சும் சக்கை.

சக்கை கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. சர்க்கரை ஆலைகள் அதைத்தான் கொதிகலனில் எரித்து நீராவி எடுத்துக்கொண்டிருந்தன. சும்மா கொடுப்பார்களா? அதனால் ஒரு பண்டமாற்று ஏற்பாடு. நீங்க சக்கையைக் கொடுங்க, அதுக்கு ஈடா நாங்க நீராவியோ நிலக்கரியோ தர்றோம். இப்படி மரத்தை மட்டும் நம்பாத ஒரு பெரிய ஆலை உருவானது. பேரில் செய்தித்தாள் இருந்தாலும் இன்று அங்கே பிரதானம் எழுது தாளும் அச்சுத் தாளும்தான். ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டன் தாள் செய்யும் திறன் அதற்கு உண்டு.

சக்கை நார் குட்டையானது. ஊசியிலை மரத்தின் நீள நார் போல வலு கிடையாது. அதனால் வேறு கூழும் கலப்பார்கள். ஆனால் குட்டை நார் நெருக்கமாகப் படியும், மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், நிப்பு தடையில்லாமல் ஓடும். ஒளியை மறைக்கும் சக்தி மட்டும் சற்றுக் குறைவு. அதனால்தான் மை இறங்காத நல்ல சக்கைத் தாளிலும் எழுத்தின் நிழல் பின்பக்கம் தெரிகிறது. அது ஊறல் இல்லை.

இப்ப அந்தப் பாலை ஞாபகப்படுத்திக்கோங்க. 1950களில் இல்லிக்கின் பிசினுக்கு மாற்றாக ஒரு பொருள் வந்தது. ஆல்கைல் கீட்டீன் டைமர், ஏ.கே.டி. என்பார்கள். பேர்தான் பயமுறுத்துது. கொழுப்பு அமிலங்களில் இருந்து செய்யும் ஒரு மெழுகு, அவ்வளவுதான். கூழில் இதைத் துளி கலந்தால் நாரின் மேல் கொழுப்புப் படலம் படிந்து தண்ணீரைத் தள்ளும். படிகார அமிலமும் வேண்டாம், தாளும் சீக்கிரம் பழுக்காது. கலம்காரிக்காரர் எருமைப்பாலில் கண்ட அதே உண்மை. நாருக்குக் கொழுப்புக் கொடு, மை நிற்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே முடிச்சுடலாம். "தடிமனான தாள் வாங்கு, மை ஊறாது" என்பார்கள். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். அது கஞ்சியின் அளவைச் சொல்லாது. மை பேனாக்காரர்கள் உலகமெங்கும் கொண்டாடும் ஜப்பானின் தோமோயே ரிவர் தாள் வெறும் 52 ஜி.எஸ்.எம். தான், வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். ஆனா மை பரவாது.

கோட்டின் கதை

தாள் ஆச்சு. மங்கலான கோடு?

அரபு, பாரசீக எழுத்தர்களிடம் மிஸ்தரா என்று ஒரு பலகை இருந்தது. அட்டையில் சம இடைவெளியில் நூல் கட்டியிருப்பார்கள். தாளை அதன் மேல் வைத்து விரலால் தேய்த்தால் நூலின் தடம் தாளில் பதியும். மையே இல்லாத கோடு. வெளிச்சம் சாய்வாக விழும்போது மட்டும் தெரியும். எழுதி முடித்ததும் கண்ணுக்குப் படாது. மேற்கு இந்தியச் சமண ஏடுகளை எழுதியவர்களும் இப்படி நூல் பலகை வைத்திருந்தார்கள். உலகத்திலேயே மங்கலான கோடு அதுவாகத்தான் இருக்கணும்!

1770இல் இங்கிலாந்தில் ஜான் டெட்லோ, கோடு போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வரிசையாகப் பித்தளை முனைகள், அவற்றுக்கு மை ஊட்டும் துணி, அடியில் நகரும் தாள். பிற்காலத்தில் ரூலிங் மெஷின் என்று உலகம் முழுக்க ஓடியது இந்த வகைதான். தண்ணீர் கலந்த சாய மை என்பதால் கோடு மென்மையாக விழும். ஆங்கிலேயக் காகித வணிகர்கள் மங்கலான கோட்டுக்கு 'ஃபெயின்ட்' என்று தனிப் பேரே வைத்திருந்தார்கள். அதாவது மங்கலாகக் கோடு போடுவதுதான் அந்தத் தொழிலின் இலக்கணமாக இருந்தது.

தாள்களை அடுக்கி ஒரு பக்கம் ஒட்டிய பேடு வந்ததும் மலிவுக்காகத்தான். 1888இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தாமஸ் ஹாலி என்பவர், தாள் ஆலைகளில் மிச்சமாகக் கழித்த துண்டுகளைச் சேகரித்து, அளவாக வெட்டி, பேடாக ஒட்டி, குறைந்த விலைக்கு விற்றார். இன்று நாம் ஆடம்பரமாகத் தேடும் ரைட்டிங் பேடு, கழிவுத் தாளில் பிறந்தது.

நம்ம ஊரில் நோட்டு என்றால் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகங்கள் பெருகியதும் காலண்டர், டைரி, நோட்டு எல்லாம் வந்தன. இரண்டு கோடு, நான்கு கோடு, கட்டம் போட்டது, குயர் கணக்கில் லாங் சைஸ். மாநிலத்தின் பாதிப் பிள்ளைகளின் பைக்குள் அந்த ஊர் இருக்கும்.

கோடு எப்படி அச்சாகிறது என்பதும் மை பேனாவைப் பாதிக்கும். ஆஃப்செட்டில் எண்ணெய் மையால் கோடு அடித்திருந்தால், பேனாவின் தண்ணீர் மை அந்தக் கோட்டைத் தொடும்போது விலகும், எழுத்து அறுபடும். தண்ணீர் மையால் அடித்த கோட்டில் இந்தத் தொல்லை குறைவு.

மலைக்குத் திரும்பினால்

இவ்வளவும் பொழுதுபோக்குக்காரர்களின் கவலைதானே என்று தோணலாம். அதுக்குத்தான் புதூர்நாட்டைப் பற்றித் தொடக்கத்திலேயே சொன்னேன்.

ஜவ்வாது மலையில் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பல பிள்ளைகள் வீட்டில் முதல் தலைமுறையாகப் பேனா பிடிப்பவர்கள். அரசு தரும் விலையில்லா நோட்டுகள் உண்டு. அதற்கு மேல் ஒரு நோட்டு வேண்டுமென்றால் ஊர்ப் பெட்டிக்கடையில் இருப்பதுதான், இல்லையென்றால் மலையிறங்கித் திருப்பத்தூர். தாளைத் தடவிப் பார்த்து வாங்கும் வசதி நகரத்துக்காரருக்கு இருக்கு. மலையில் கிடைத்ததுதான் தாள்.

2024 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடியில் இருந்து, 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேர்ச்சி பெற்றார். குழந்தை பிறந்த ஓரிரு நாட்களிலேயே சென்னைக்குப் பயணம் செய்து தேர்வு எழுதியவர். அது விடையைக் கட்டத்தில் கறுக்கும் தேர்வு இல்லை. முதன்மைத் தேர்வு முழுக்கப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதுவது. சட்டம், மொழிபெயர்ப்பு எல்லாமே.

நம் நாட்டில் பத்தாம் வகுப்பு முதல் நீதிபதித் தேர்வு வரை வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பல இடங்களில் மூன்று மணி நேரம் கையால் எழுதணும். அதற்கான பயிற்சி வருஷக்கணக்கில் நோட்டில்தான் நடக்குது. பால்பாயிண்ட்டை அழுத்தினால்தான் எழுதும். மை பேனா தாளைத் தொட்டாலே எழுதும், விரலும் மணிக்கட்டும் குறைவாக வலிக்கும். இதை நாள் முழுக்க எழுதிப் பழகிய யாரும் சொல்வார்கள். தேர்வு அறைக்கு எந்தப் பேனா என்பதை விதி சொல்லும், அது வேற. ஆனால் தினப் பயிற்சிக்கு எந்தப் பேனா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு பிள்ளைக்கு வேணும்னா, மை தாங்கும் தாள் அவள் கைக்கு வரணும். மலிவு நோட்டில் மை இறங்கினால் ஒரு பக்கம் வீண். பாதி நோட்டு போச்சு. அவள் பால்பாயிண்ட்டுக்குத்தான் திரும்புவாள். அது அவளுடைய தேர்வு இல்லை, தாளின் முடிவு.

மலையின் கடுக்காய்க்கு மை ஆகும் குணம் இருக்கு. கீழே சமவெளிக் கரும்பில் இருந்து மை தாங்கும் தாள் வருது. இரண்டும் இதே மாநிலத்தில். நடுவில் இருப்பது வணிகச் சங்கிலிதான்.

சரி, எப்படி வாங்குவது?

கேட்பவர்களுக்காகச் சில வழிகள்.

முதலில், அச்சகத்தில் பேசும் மொழியைத் தெரிஞ்சுக்கோங்க. எழுது தாளில் இரண்டு ரகம் அதிகம் புழங்கும். க்ரீம்வோவ் மலிவு, மலிவு நோட்டுகளில் அதிகம் வருவது. மேப்லித்தோ கொஞ்சம் விலை கூடுதல், ஆஃப்செட் அச்சுக்காக மேற்பரப்பிலும் மாவுப் பூச்சு கொடுத்தது. மை பேனாவுக்கு மேப்லித்தோவைக் கேளுங்க. 70 ஜி.எஸ்.எம். இருந்தால் நிழலும் குறையும்.

இரண்டாவது, சேர்ந்து வாங்குங்க. நாலைந்து நண்பர்கள் சேர்ந்தால் ஒரு ரீம், அதாவது 500 தாள் கட்டு, வாங்கலாம். ஜெராக்ஸ் கடைக்கு வரும் ஏ4 தாளில் சில வகைகள் மையை நன்றாகவே தாங்குகின்றன. பக்கத்து பைண்டிங் கடையில் பாதியாக வெட்டி, ஒரு பக்கம் பசை போட்டு, அடியில் அட்டை ஒட்டித் தருவார்கள். ஹாலி செய்த அதே வேலை. நாற்பது, ஐம்பது தாள் வீதம் இருபது, இருபத்தைந்து பேடு கிடைக்கும்.

மூன்றாவது, மொத்தமாக வாங்கும் முன் சோதனை. ஒரு தாளைக் கேட்டு வாங்குங்க. உங்க பேனாவில் ஒரு வரி எழுதுங்க, ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமா கோடு கிழிங்க, ஒரு புள்ளியை ஐந்து விநாடி அழுத்திப் பிடிங்க. அரை நிமிஷம் கழிச்சு ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்க. ஒரே ஆலைத் தாள்கூட கட்டுக்குக் கட்டு மாறலாம். போன வருஷம் நல்லா இருந்தது என்பது போதாது.

நான்காவது, கோடு. கோடே இல்லாத தாள் வாங்கி, மிஸ்தராக்காரர்கள் வழிக்குப் போங்க. ஒரு தாளில் கறுப்பாகத் தடித்த கோடுகள் அச்சடிச்சு, எழுதும் தாளுக்கு அடியில் வைங்க. மேல் தாள் வழியா கோடு மங்கலாத் தெரியும். எழுதி முடிச்சு எடுத்தா தாளில் கோடே இருக்காது. சக்கைத் தாளின் ஒளி ஊடுருவும் குறைதான் இங்கே உதவிக்கு வருது. பேடு முழுக்கக் கோடு வேணும்னா வெளிர் சாம்பல் நிறத்தில் 8 மில்லிமீட்டர் இடைவெளியில் நீங்களே அடிச்சுக்கலாம். தமிழுக்கு மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கு', 'ஞு'வின் வாலும் இருக்கு. ஆங்கிலத்துக்குப் போடும் நெருக்கமான கோட்டில் அவை முட்டிக்கொள்ளும்.

கடைசியா ஒண்ணு. உங்க பேடு தயாராகும்போது கூட ஒரு பத்துப் பேடு ஒட்டச் சொல்லுங்க. தெரிஞ்ச ஆசிரியர் மூலமா ஒரு விடுதிப் பள்ளிக்கு, ஒரு பாட்டில் மையோடு அனுப்பிப் பாருங்க. எந்தப் பிள்ளை பால்பாயிண்ட்டை வைத்துக்கொள்கிறது, எது மை பேனாவுக்கு மாறுகிறது என்பதை அந்தப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும். கேட்க ஆள் கூடினால் கடைக்காரரும் அந்தத் தாளை வாங்கி வைப்பார். பால்பாயிண்ட் காலத்தில் அனுப்பிவிட்ட காவலாளியைத் திரும்பக் கூப்பிட அதுவே வழி.

உங்க ஊரில் எந்தத் தாள் மையைத் தாங்குதுன்னு எழுதி அனுப்புங்க. முடிஞ்சா கையால எழுதி. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.